மீதி ரெண்டு ஸ்க்ரூ

எங்கள் வீட்டுக்கு வருகிறவர்களுக்கு முதலில் கேட்டைத் திறக்கச் சொல்லித்தர வேண்டும். வலது காலால் அடியில் லேசாக நெம்பி, இடது கையால் தாழ்ப்பாளைத் தூக்கி, தோளால் ஒரு இடி. வரிசை தப்பினால் கேட் திறக்காது. மேலே இருக்கிற கம்பி இறங்கி வந்து நெற்றியில் ஒரு தட்டுத் தட்டும். பால்காரர், கேஸ் போடுகிற தம்பி, கீரைக்கார அம்மா எல்லாரும் தேர்ச்சி பெற்றவர்கள். திருடர்கள் யாரும் இதுவரை பெறவில்லை. “அதுக்குத்தான் அப்படி வச்சிருக்கேன்” என்பார் அப்பா. கேட் கெட்டுப்போனது 1994-இல். அப்பா அதைச் சரிசெய்ததும் அதே வருஷம்தான். அதற்குப் பிறகுதான் இப்படி.

அப்பா திருச்சி பொன்மலை ரயில்வே ஒர்க்‌ஷாப்பில் ஃபிட்டர். 1966-இல் அப்ரண்டிஸாக நுழைந்தவர் 2007-இல் மாலையும் சால்வையும் ஒரு எவர்சில்வர் குடமுமாக வெளியே வந்தார். அந்தக் குடத்தின் வாய் கோணல் என்று அன்று ராத்திரியே அதைத் தட்ட ஆரம்பித்துவிட்டார். எங்கள் தாத்தாவும் அங்கேதான் வேலை பார்த்தார். நாகப்பட்டினத்திலிருந்த பட்டறை 1928-இல் பொன்மலைக்குப் பெயர்ந்தபோது, ஒரு தகரப் பெட்டியோடு கூடவே பெயர்ந்து வந்தவர். அதனால் எங்கள் குடும்பத்துக்கு ஊரில் ஒரு குலதெய்வம், பொன்மலையில் ஒரு சங்கு. ஒர்க்‌ஷாப் சங்கை வைத்துத்தான் பொன்மலைப்பட்டியில் உலை ஏறும், பிள்ளைகள் பள்ளிக்கூடம் கிளம்பும். ஓய்வு பெற்ற பின்னாலும் அப்பா சங்குக்கு ஐந்து நிமிஷம் முன்னால் சட்டை போட்டுக்கொண்டு வாசலில் நிற்பார். எங்கும் போக அல்ல. ஊதி முடித்ததும் சட்டையைக் கழற்றி ஆணியில் மாட்டிவிட்டு, வீட்டில் எது எது ஓடிக்கொண்டிருக்கிறது என்று ஒரு சுற்றுப் பார்ப்பார். ஓடாதவற்றைப் பார்க்க வேண்டியதில்லை. அவற்றை ஏற்கெனவே பிரித்துப் போட்டிருப்பார்.

ஒர்க்‌ஷாப்பில் ‘பி.ஓ.எச்.’ என்று ஒன்று உண்டு. எஞ்சின் நன்றாக ஓடினாலும் சரி, அதற்கென்று ஒரு கெடு. கெடு வந்துவிட்டால் உள்ளே கொண்டுவந்து, போல்ட் போல்ட்டாகப் பிரித்து, துடைத்து, தேய்ந்ததை மாற்றி, மறுபடி பூட்டி அனுப்புவார்கள். ரயிலுக்கு அது நல்ல ஏற்பாடு. எங்கள் வீட்டு மிக்ஸிக்கும் வருஷத்துக்கு ஒரு பி.ஓ.எச். உண்டு, அதுவும் பொங்கலுக்கு முந்தின வாரம். ஒர்க்‌ஷாப்பில் ஒரு எஞ்சினைப் பூட்ட நிறைய கை. இங்கே அவர் ஒருவர்தான், அம்மா டார்ச் பிடிக்க. பூட்டி முடித்துப் பார்த்தால் பழைய செய்தித்தாளின் மேல் இரண்டு ஸ்க்ரூ மிச்சம் இருக்கும். எப்போதும் இருக்கும்.

“என்னங்க, ரெண்டு மிச்சமிருக்கே?”

“கம்பெனிக்காரன் பயந்தாங்கொள்ளி. தேவையில்லாம ரெண்டு சேத்துப் போட்டிருக்கான்.”

மிக்ஸி ஓடியது, அதுதான் ஆச்சரியம். சத்தம் மட்டும் கொஞ்சம் மாறியிருக்கும். மிஞ்சிய ஸ்க்ரூவை அவர் தூக்கிப் போட்டதில்லை. ஹார்லிக்ஸ் பாட்டிலில் போட்டு, காகிதம் ஒட்டி, அழகான கையெழுத்தில் எழுதி வைப்பார்: ‘மீதி – டேபிள் ஃபேன் – 1988.’ ‘மீதி – மிக்ஸி – 1991.’ ‘மீதி – தையல் மிஷின் – 1996.’ பரணில் இரண்டு வரிசை. ஊரில் சிலர் குடும்பப் படங்களை இப்படி அடுக்குவார்கள். ஒரு பாட்டிலில் ‘மீதி – எதிலிருந்து என்று தெரியவில்லை’ என்று இருந்தது. அதுதான் கழுத்துவரை நிரம்பியிருந்தது.

அம்மாவுக்கும் அவருக்கும் கல்யாணம் ஆனது 1972-இல். ரயில்வேக்காரருக்குப் பாஸ் உண்டு என்பதால் புதுப்பெண்ணை ஊட்டிக்கு அழைத்துப் போனார். அம்மா இந்தக் கதையைச் சொல்லும்போது இன்றைக்கும் மூச்சு வாங்குகிறார்.

மேட்டுப்பாளையத்தில் வண்டி ஏறும்போதே சகுனம் சரியில்லை. மலையேறும் அந்த ரயிலில் எஞ்சின் முன்னால் நின்று இழுக்காது, பின்னாலிருந்து தள்ளும். ஜன்னலோரத்தில் அம்மாவை உட்கார வைத்துவிட்டு அப்பா பின்பக்கம் பார்த்து உட்கார்ந்துகொண்டார். கல்லாறு தாண்டியதும் தண்டவாளத்துக்கு நடுவே பல் வைத்த பட்டை ஆரம்பிக்கிறது. எஞ்சினின் பல்சக்கரம் அதைக் கடித்துக் கடித்து ஏறும். மலை, அருவி, குகை, பாலம் என்று நாற்பத்தாறு கிலோமீட்டர் தூரமும் ஊரே வாயைப் பிளந்துகொண்டு வந்தது. அப்பா கண்ணை மூடி அந்தக் கடிக்கிற சத்தத்தைக் கேட்டுக்கொண்டு வந்தார். “தூங்குறாரோன்னு நெனச்சேன். ‘சத்தத்துல ஒரு தட்டு கூட இருக்கு, கேளு’ங்கிறாரு.”

அந்த எஞ்சின்கள் சுவிட்சர்லாந்தின் வின்டர்தூரில் செய்தவை. பெரிய பழுது என்றால் பொன்மலைக்குத்தான் வரும். தன் கை பட்ட எஞ்சின்தான் அது என்று அப்பாவுக்குச் சந்தேகம். குன்னூரில் வண்டி நின்றதும், “இதோ வந்துர்றேன்” என்று இறங்கினார். அம்மா மல்லிகைப் பூவும் புதுச் சேலையுமாகப் பெஞ்சில் உட்கார்ந்திருந்தார். ஆள் வரவில்லை. போய்ப் பார்த்தால், எஞ்சினுக்கு அடியிலிருந்து இரண்டு கால் மட்டும் நீட்டிக்கொண்டிருந்தன. கல்யாணத்துக்கு எடுத்த செருப்பு என்பதால் அம்மாவுக்கு அடையாளம் தெரிந்தது. சட்டை முழுக்க கிரீஸோடு வெளியே வந்தவர், “நம்ம பூட்டுனதுதான்!” என்று சொல்லிச் சிரித்தாராம். அந்தச் சிரிப்பைப் பார்த்துத்தான் பேசாமல் இருந்துவிட்டதாக அம்மா சொல்வார். பேசாமல் இருந்தது அன்றைக்கு ஒருநாள்தான் என்று அப்பா சொல்வார்.

1974 ரயில்வே வேலைநிறுத்தம் பற்றிப் பெரிய பெரிய ஆட்கள் எழுதியிருக்கிறார்கள். மே 8-இல் தொடங்கி இருபது நாள். கைது, வேலை நீக்கம், குவார்ட்டர்ஸைக் காலி செய்யச் சொல்லி மிரட்டல், எல்லாம் உண்டு. எங்கள் வீட்டில் அதன் வரலாறு வேறு மாதிரி. போலீஸ் தேடுகிறது என்று கேள்விப்பட்டு அப்பா அம்மாவைக் கூட்டிக்கொண்டு லால்குடிப் பக்கம் மாமியார் வீட்டுக்குப் போய்விட்டார். மாப்பிள்ளை வந்திருக்கிறாரே என்று முதல் நாள் கோழி அடித்தார்கள். மூன்றாம் நாள் அவர் கிணற்று ராட்டினத்தைப் பிரித்தார். ஐந்தாம் நாள் பக்கத்து வயல்காரரின் பம்ப்செட். பத்தாம் நாள் கோவில் மணியின் நாக்கு. அதற்குப் பிறகு அந்த மணி இரண்டு முறை அடித்தால் மூன்று முறை கேட்டது என்று ஊரில் பேச்சு. அம்மாச்சி தினமும் சாயங்காலம் டீக்கடை வரை ஆள் அனுப்பி, ரேடியோவில் ஏதாவது சொன்னார்களா என்று விசாரித்தாராம். 27-ஆம் தேதி வேலைநிறுத்தம் வாபஸ் ஆனபோது பொன்மலையில் எத்தனையோ பேர் கண் கலங்கினார்கள். லால்குடியில் அம்மாச்சி பிள்ளையாருக்கு ஒரு தேங்காய் உடைத்தார்.

அப்பாவாக அவர் எப்படி என்று கேட்டால், கோபப்பட்டதே இல்லை. நான் பத்தாம் வகுப்பில் கணக்கில் 41 வாங்கி வந்தபோது மார்க் ஷீட்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். “எந்த இடத்துல லூஸா இருக்குன்னு பாப்போம்” என்றார். எனக்கும் ஒரு மாதம் பி.ஓ.எச். நடந்தது.

என் கல்யாணத்தன்று முகூர்த்தத்துக்குக் கால்மணி நேரம் முன்னால் மைக் செட் கரகரத்தது. மைக் செட்காரர் சாப்பிடப் போயிருந்தார். பெண்ணின் அப்பாவை மேடைக்குக் கூப்பிடுகிறார்கள், ஆளைக் காணோம். என் ஆல்பத்தில் தாரை வார்க்கிற படம் இருக்கிறது. பட்டு வேட்டி, அங்கவஸ்திரம், சுண்டுவிரலில் கறுப்பு இன்சுலேஷன் டேப். என் மாமியார் ரொம்ப நாள் அதை எங்கள் பக்கத்துச் சம்பிரதாயம் என்று நினைத்திருந்தார்.

பேரன் பேத்திகள் வந்த பிறகுதான் அவருக்குச் சரியான கூட்டாளிகள் கிடைத்தார்கள். நாங்கள் பிரித்ததைப் பூட்டச் சொல்லி அழுவோம். அதுகள் பூட்டியதைப் பிரிக்கச் சொல்லி அழுதன. என் மகனுக்குப் பிறந்தநாளுக்கு வந்த ரிமோட் கார் ஒருநாள்கூட ஓடவில்லை. ஆனால் அதன் மோட்டார் சமையல்கட்டில் ஒரு வருஷம் ஈ விரட்டியது. அண்ணன் மகளுக்குப் பால்ரஸ் சக்கரம் வைத்து ஒரு பலகை வண்டி செய்து கொடுத்தார். பொன்மலைப்பட்டித் தெருவில் அது போகும் சத்தத்தில் நாய்கள் வேறு வார்டுக்குக் குடிபெயர்ந்தன. பிரேக் வைக்க மறந்துவிட்டார். “தாத்தா, எப்படி நிறுத்துறது?” என்று கத்திக்கொண்டே பிள்ளை போக, “தானா நிக்கும் கண்ணு, சாக்கடை வருதுல்ல” என்று இவர் பின்னால் ஓடினார்.

இப்போது உயிர்ச் சான்றிதழ் விஷயத்துக்கு வருகிறேன். பென்ஷன் வாங்குகிறவர்கள் நவம்பர் மாதம் தாங்கள் உயிரோடு இருப்பதை நிரூபிக்க வேண்டும். முன்பெல்லாம் வங்கிக்கு நேரில் போய், அதிகாரி முன்னால் கையெழுத்துப் போட்டால் போதும். அதிகாரி தலையைத் தூக்கிப் பார்ப்பார், அப்பா ஒரு வணக்கம் வைப்பார், நிரூபணம் முடிந்தது. 2014-இல் ஜீவன் பிரமாண் வந்தது. ஆதார், விரல் ரேகை, கம்ப்யூட்டர். சிக்கலும் அங்கேதான் ஆரம்பித்தது.

நாற்பத்தோரு வருஷம் அரமும் ஸ்பேனரும் பிடித்த கை. ரேகையெல்லாம் பொன்மலை இரும்பில் என்றைக்கோ தேய்ந்து போயிருந்தது. கட்டைவிரலை வைத்தால் கருவியில் சிவப்பு விளக்கு. ஆள்காட்டி விரல், சிவப்பு. பத்து விரலும் ஆயிற்று. கவுண்டரில் இருந்த பெண் தயங்கித் தயங்கி, “சார், சிஸ்டம் உங்கள ஒத்துக்க மாட்டேங்குது” என்றார். அப்பாவுக்கு அவமானமெல்லாம் இல்லை. அவர் கவலை வேறு. “அந்த மிஷினைக் கொஞ்சம் குடும்மா. கண்ணாடில தூசி இருக்கும். கழட்டித் தொடச்சுத் தர்றேன்.” இதைச் சொல்லும்போதே சட்டைப்பையிலிருந்து குட்டித் திருப்புளி வெளியே வந்துவிட்டது. காவலாளி வந்து மரியாதையாகத் தோளைத் தொட்டார். அதற்கப்புறம் ஒவ்வொரு நவம்பரிலும் தேங்காயெண்ணெய் தடவி, ஈரத்துணியில் துடைத்து, வாயால் ஊதி, பத்துக்கு ஒரு விரலாவது தேறாதா என்று மூன்று நடை நடப்போம். தேறிவிட்டால் அப்பா வெளியே வந்து சர்பத் வாங்கித் தருவார். “பாஸாயிட்டேன். இன்னும் ஒரு வருஷம் இருக்கலாம்.”

பிற்பாடு செல்போனிலேயே முகத்தைக் காட்டினால் போதும் என்றார்கள். என் மகன் அதை ஏற்றிக்கொண்டு வந்து தாத்தாவைச் சுவரோரம் நிறுத்தினான். கண்ணைச் சிமிட்ட வேண்டும், அப்போதுதான் ஆள் உயிரோடு இருப்பதாகப் போன் நம்பும். போட்டோ எடுக்கும்போது கண்ணை மூடக் கூடாது என்று ஐம்பது வருஷமாக அவருக்குச் சொல்லி வைத்திருக்கிறோம். மனிதர் மூச்சைப் பிடித்துக்கொண்டு முழித்தார்.

“சிமிட்டுங்க தாத்தா.”

“நீ எடுத்து முடி. அப்புறம் சிமிட்டுறேன்.”

“சிமிட்டினாத்தான் எடுக்கும்.”

“அது என்ன மிஷின்டா, கண்ண மூடுனாத்தான் உசுரோட இருக்கேன்னு நம்புது?”

நாலாவது முறை சிமிட்டினார். அதற்கு முந்தைய மூன்று முறையும் பையன் பக்கத்திலிருந்து இன்னொரு போனில் வேடிக்கைக்காகப் படம் எடுத்திருக்கிறான். அது பின்னால் உதவும் என்று யாருக்கும் தெரியாது.

2023 ஆடியில் நெஞ்சு அடைக்கிறது என்று ஆஸ்பத்திரியில் சேர்த்தோம். நான்கு நாள் இருந்தார். முதல் நாள் டாக்டர் என்ன சொன்னார் என்று நாங்கள் கேட்டபோது, “கட்டில் ஆடுது” என்றார் அப்பா. நர்ஸிடமும் சொல்லியிருக்கிறார், மூன்று முறை. தலைமாட்டை ஏற்றி இறக்குகிற இடத்தில் மரை தளர்ந்திருக்கிறதாம். இரண்டாம் நாள் கஞ்சி எடுத்துப்போன கூடைக்குள் அவர் கேட்டபடி திருப்புளியையும் வைத்து எடுத்துப்போனேன். சொன்னால் அண்ணன் திட்டுவான் என்று இன்றுவரை அவனிடம் சொல்லவில்லை. இதைப் படித்துத்தான் தெரிந்துகொள்ளப் போகிறான். ஒரு கையில் ட்ரிப்ஸ் ஏறிக்கொண்டிருந்தது. இன்னொரு கையால், படுத்த வாக்கிலேயே, தலைக்குப் பின்னால் தடவித் தடவி முடுக்கினார். நான் போன் டார்ச்சைப் பிடித்தேன். கட்டில் ஆட்டம் நின்றுவிட்டது. அவர் முகத்தில் குன்னூர்ச் சிரிப்பு வந்தது. அம்மா சொன்னது அதுதான் என்று நினைக்கிறேன்.

நான்காம் நாள் விடியற்காலையில் போய்விட்டார். சாமான்களை ஒரு பிளாஸ்டிக் கவரில் போட்டுக் கொடுத்தார்கள். மூக்குக் கண்ணாடி, எச்.எம்.டி. வாட்ச், பல்செட், திருப்புளி. கவரின் மூலையில் ஒரு ஸ்க்ரூ.

காரியம் முடியும்வரை அதை நான் முந்தானையில் முடிந்து வைத்திருந்தேன்.

வங்கிக்குப் போனபோது இறப்புச் சான்றிதழைக் கொடுத்தோம். இரண்டு நிமிஷம்தான். உயிரோடு இருந்ததை நம்ப வருஷா வருஷம் பத்து விரலையும் கேட்ட இடம், செத்துப்போனதை ஒரே காகிதத்தில் நம்பிவிட்டது.

சுவரில் மாட்டப் படம் தேடியபோதுதான் ஒன்று தெரிந்தது. அப்பாவின் முகம் எங்களிடம் இல்லை. ஐம்பது வருஷப் படங்களில் முதுகுதான் இருக்கிறது. குனிந்த முதுகு, ஃபேனுக்கு நிமிர்ந்த முதுகு, பைக்கடியில் பாதி முதுகு. காதுகுத்துப் படம் ஒன்றில் இரண்டு பாதம் மட்டும். கண்ணீர் அஞ்சலி ஃப்ளெக்ஸ் அடிக்கிற பையன், “முகம் தெரியிற மாதிரி ஒண்ணுகூட இல்லியாக்கா?” என்று கேட்டான். கடைசியில் என் மகன் போனை நீட்டினான். உயிரோடு இருப்பதை நிரூபிக்க, மூச்சைப் பிடித்து, சிமிட்டாமல் முழிக்கிற அந்தப் படம். வேறு வழியில்லை. அதைத்தான் பெரிதாக்கிச் சட்டம் போட்டுச் சந்தன மாலை போட்டிருக்கிறோம். துக்கம் கேட்க வந்த ஒன்றுவிட்ட பெரியப்பா நிமிர்ந்து பார்த்துவிட்டு, “என்னய்யா, எங்கிட்ட ஏதும் பாக்கி இருக்கா?” என்றார். அழுதுகொண்டிருந்தவர்கள் அத்தனை பேரும் சிரித்துவிட்டோம்.

பதினாறாம் நாள் முடிந்து எல்லாரும் கிளம்பிய மறுநாளிலிருந்து வீடு ஒவ்வொன்றாக நிற்க ஆரம்பித்தது. கெட்டுப்போனதால் அல்ல. இயக்கத் தெரியாததால். ஹால் ஃபேன் ரெகுலேட்டரில் ஒன்றில் வைத்தால் பறக்கும், ஐந்தில் வைத்தால் தூங்கும். பாத்ரூம் விளக்குக்கு சுவிட்ச் சமையல்கட்டில். காலிங் பெல்லை அழுத்தினால் ரேடியோ இருமும், அதை வைத்துத்தான் ஆள் வந்திருப்பது தெரியும். நான் எலக்ட்ரீஷியனை வரவழைத்தேன். அவர் சுவிட்ச் போர்டைத் திறந்து ரொம்ப நேரம் பார்த்தார்.

“யார் பண்ணது இது?”

“அப்பா.”

“ஒரு சந்தேகம் கேக்கணும். எங்க இருக்காரு?”

படத்தைக் காட்டினேன். அவர் படத்தைப் பார்த்தார். படம் அவரைப் பார்த்தது. போர்டை மூடி, நான்கு ஸ்க்ரூவையும் திருப்பி முடுக்கி, கன்னத்தில் போட்டுக்கொண்டார். “ஓடுற வரைக்கும் ஓடட்டும்க்கா. கை வைக்கக் கூடாது.” காசு வாங்கவில்லை.

பிறகு ஆளுக்குக் கொஞ்சம் தெரிந்திருப்பது கண்டுபிடிக்கப்பட்டது. தண்ணி மோட்டார் ஏர் பிடித்தால் ஒரு சொம்பு தண்ணீர் ஊற்றி, குழாயின் முழங்கையில் ஸ்பேனரால் இரண்டு தட்டுத் தட்ட வேண்டும் என்பது அம்மாவுக்குத் தெரியும். இரண்டாவது தட்டு லேசாக இருக்க வேண்டும். மிக்ஸி ஜாரை எந்தப் பக்கம் சாய்த்துப் பிடித்தால் சட்னி ஆகும் என்பதும் அவருக்கு மட்டுமே. கிரைண்டரும் கேட்டும் என் கணக்கில். டிவி ரிமோட்டில் சாக்லேட் ஜரிகைத் தாளை எங்கே மடித்துச் செருக வேண்டும் என்பது அண்ணன் மகளுக்கு. அண்ணனுக்கு எதுவும் தெரியவில்லை. ஓசூரில் பெரிய கம்பெனியில் மெக்கானிக்கல் இஞ்சினியராக இருக்கிறான். “எல்லாத்தையும் தூக்கிப் போட்டுட்டுப் புதுசு வாங்கிருவோம்மா” என்றான். அம்மா எதுவும் சொல்லாமல் மோட்டாரைப் போட்டார்.

அன்று மாலை முந்தானை முடிச்சை அவிழ்த்து அந்த ஸ்க்ரூவை அம்மாவிடம் கொடுத்தேன். என்ன, ஏது என்று கேட்கவில்லை. பரணிலிருந்து ஒரு காலி ஹார்லிக்ஸ் பாட்டிலை இறக்கச் சொன்னார். காகிதத்தில் அவரே எழுதினார், எழுத்து கொஞ்சம் கோணல்: ‘மீதி – கட்டில் – 2023.’

நவம்பர் வந்தது. இப்போது குடும்ப பென்ஷன் அம்மா பேரில். உயிரோடு இருப்பதை இனி அவர் நிரூபிக்க வேண்டும். விரல் எடுபடாது என்று எனக்கு முன்பே தெரியும், ஐம்பது வருஷம் அம்மியும் அரிவாள்மனையும் பிடித்த விரல். என் மகன் போனை எடுத்து வந்தான். வெளிச்சம் ஹாலில்தான் நன்றாக இருக்கிறது என்று அம்மாச்சியை அங்கே சுவரோரம் நிறுத்தினான். அம்மா முகம் கழுவி, திருநீறு இட்டு, தலை வாரி வந்து நின்றார். நேராகப் பாருங்க, இப்ப சிமிட்டுங்க. சிமிட்டினார். போன் ஒத்துக்கொள்ளவில்லை. மறுபடி சிமிட்டினார். மறுபடியும் இல்லை.

“என்னடா சொல்லுது?”

பையன் திரையைப் பார்த்து முழித்தான். “ரெண்டு முகம் தெரியுதாம் அம்மாச்சி. ஒருத்தர் மட்டும் நிக்கணுமாம்.”

அம்மா திரும்பினார். தோளுக்கு மேலே, மாலைக்குள்ளிருந்து, மூச்சைப் பிடித்துக்கொண்டு அப்பா போனையே பார்த்துக்கொண்டிருந்தார்.

“சித்த நேரம் சும்மா இருங்களேன்” என்றார் அம்மா. “இந்த வருஷம் எனக்கு.”